அந்தக் கறுப்புச் சதுரம் சதுரம்தானா? ஓவியத்தை வைத்து வடிவியல் நடத்துவது பற்றி

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் 6 முதல் 8 வரை கணக்கு எடுக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஓவியங்களைக் காட்டி வடிவியல் நடத்தலாம் என்கிறார்கள். நானும் ஒரு படத்தைக் காட்டினேன். பிள்ளைகள் வட்டம், முக்கோணம், சதுரம் என்று சொல்லி முடித்துவிட்டார்கள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குமேல் அந்தப் படத்தை வைத்து என்ன செய்வது? எந்தெந்த ஓவியங்களை எடுக்கலாம்? பள்ளியில் ப்ரொஜெக்டர் கிடையாது."

டீச்சர், பத்து நிமிடத்தில் முடிந்துபோனதற்குக் காரணம் நீங்கள் காட்டிய படம் இல்லை, கேட்ட கேள்வி. "இதில் என்னென்ன வடிவம் தெரியுது?" என்பது ஒன்றாம் வகுப்புக் கேள்வி. ஆறாம் வகுப்புப் பிள்ளை அதற்குப் பதில் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிடும். பெயர் சொல்ல வைப்பதோடு நிறுத்துவதாக இருந்தால் ஓவியமே வேண்டாம், பாடப்புத்தகப் படமே போதும். ஓவியத்தின்மேல் அளவுகோலை வைத்து அளக்கவும், அதைப் பார்த்து வரையவும், "இது சதுரம்தானா, எப்படிச் சொல்றே?" என்று தங்களுக்குள் வழக்காடவும் விட்டால் மட்டும்தான் அதைக் கணக்கு வகுப்புக்குக் கொண்டுவர நியாயம் இருக்கிறது. டெல்டா மாவட்டங்களில் பட்டதாரி ஆசிரியராகப் பல காலம் கணக்கு எடுத்தவன் என்ற முறையில் இதை அழுத்தமாகவே சொல்கிறேன்.

கரும்பலகையில் ஒரு சதுரம் வரைந்து, "இது என்ன?" என்று கேளுங்கள். சதுரம் என்பார்கள். அதே சதுரத்தை 45 பாகை திருப்பி, முனையில் நிற்பதுபோல் வரைந்து கேளுங்கள். "டைமண்ட் டீச்சர்" என்று வகுப்பே கத்தும். பக்கமும் மாறவில்லை, கோணமும் மாறவில்லை. ஆனால் பிள்ளைக்கு அது வேறொரு வடிவமாகிவிட்டது. நெதர்லாந்தைச் சேர்ந்த கணித ஆசிரியர்கள், கணவன் மனைவியான பியர் வான் ஹீலேயும் டினா வான் ஹீலே-கெல்டோஃபும், 1957இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் கொடுத்த ஆய்வேடுகளில் இதைத்தான் படிநிலைகளாகப் பிரித்துக் காட்டினார்கள். முதல் நிலையில் பிள்ளை வடிவத்தை மொத்தத் தோற்றமாகப் பார்க்கிறது. கதவு மாதிரி இருக்கிறது, ஆகவே செவ்வகம். அடுத்த நிலையில் பண்புகளைப் பார்க்கிறது: எத்தனை பக்கம், எவை சமம், எந்தக் கோணம் செங்கோணம். அதற்கும் அடுத்த நிலையில் ஒரு பண்பு இன்னொன்றைக் கட்டாயப்படுத்துகிறது என்பது புரிகிறது. சதுரமும் ஒரு செவ்வகம்தான், சாய்சதுரமும்கூட என்று ஒத்துக்கொள்ளும் தெம்பு வருகிறது. வயது கூடினால் தானாக அடுத்த நிலை வந்துவிடாது, அதற்கேற்ற அனுபவம் வேண்டும் என்பது அவர்கள் சொன்னதில் முக்கியமானது. ஒன்பதாம் வகுப்பில் நாற்கரத் தேற்றங்களை மனப்பாடம் செய்து எழுதும் பிள்ளைகளில் பலர் முதல் நிலையைத் தாண்டாதவர்கள்.

இதில் நம் பாடப் படங்களுக்கும் பங்கு உண்டு. முக்கோணம் எப்போதும் அடிப்பக்கத்தில் உட்கார்ந்திருக்கும், செவ்வகம் எப்போதும் படுத்திருக்கும். ஓவியர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. முக்கோணத்தைத் தலைகீழாக நிறுத்துவார்கள், வட்டத்தைப் பாதி மறைப்பார்கள், சதுரத்தை முனையில் நிற்க வைப்பார்கள். ஓவியம் நமக்குக் கைகொடுப்பது இந்த இடத்தில்தான்.

முதலில் எடுக்க வேண்டியது மலேவிச்சின் 'கறுப்புச் சதுரம்'. காசிமிர் மலேவிச் 1915இல் வரைந்தது, மாஸ்கோவில் த்ரெத்யகோவ் கலைக்கூடத்தில் இருக்கிறது. வெள்ளைப் பின்னணியில் ஒரு கறுப்புச் சதுரம், அவ்வளவுதான். இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். துணியின் அளவு 79.5 செ.மீ.க்கு 79.5 செ.மீ., அதாவது வெளிச் சட்டம் சதுரம். ஆனால் உள்ளே இருக்கும் கறுப்பு வடிவம் சரியான சதுரம் இல்லை. அதன் பக்கங்கள் சட்டத்துக்குச் சரியான இணையாகவும் இல்லை. 1915ஆம் ஆண்டுக் கண்காட்சிப் பட்டியலில் மலேவிச்சே அதை 'நாற்கரம்' என்றுதான் போட்டிருந்தார்.

இதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். நான்கு பேருக்கு ஒரு அச்சு கொடுத்து, ஜாமெட்ரி பாக்ஸைத் திறக்கச் சொல்லி, "இது சதுரமா, இல்லையா? நிரூபிச்சுக் காட்டுங்க" என்று மட்டும் சொல்லுங்கள். சிலர் நான்கு பக்கங்களை அளப்பார்கள். ஒரு மில்லிமீட்டர் இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். "அளக்கிறதுல தப்பு" என்பான் ஒருவன். "இல்லை, நானும் அளந்தேன்" என்பாள் இன்னொருத்தி. யாராவது ஒரு பிள்ளை கோணமானியை எடுக்கும். அப்போது நீங்கள் ஒரு கேள்வியை உள்ளே விடலாம்: பக்கம் நான்கும் சமமாக வந்துவிட்டால் போதுமா? போதாது என்று சொல்பவர்கள் ஒரு சாய்சதுரத்தை வரைந்து காட்டட்டும். கோணம் நான்கும் செங்கோணம் என்றால் போதுமா? செவ்வகம் வரைந்து காட்டட்டும். மூலைவிட்டங்கள் இரண்டும் சமம், ஒன்றையொன்று செங்குத்தாக இருசமக் கூறிடுகின்றன என்றால்? இங்கே வகுப்பு கொஞ்சநேரம் அமைதியாகும். அந்த அமைதிக்கு நேரம் கொடுங்கள். பதிலை நீங்கள் சொல்லாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. வாட்ஸ்அப்பில் வரும் படமும் ஜெராக்ஸ் கடையில் 'பேப்பருக்கு ஃபிட்' பண்ணிக் கொடுக்கும் படமும் ஒரு பக்கம் இழுபட்டிருக்கும், ஓரம் வெட்டுப்பட்டிருக்கும். அப்படிப்பட்ட அச்சில் அளந்தால் மலேவிச்சின் கோணலையும் ஜெராக்ஸின் கோணலையும் பிரிக்க முடியாது. வெளிச் சட்டம் சதுரம் என்று நமக்குத் தெரியும் அல்லவா? அதனால் முதலில் அச்சின் வெளி விளிம்பை அளந்து அது சதுரமாக வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால்தான் அந்த அச்சு வகுப்புக்கு ஆகும். இந்தச் சோதனையையே எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைச் செய்யவிடலாம். எந்தக் கருவியை, எதை வைத்துச் சரிபார்ப்பது என்பதும் கணக்குதான்.

அடுத்து காண்டின்ஸ்கி. வாசிலி காண்டின்ஸ்கி 1923இல், ஜெர்மனியில் பௌஹௌஸ் கலைப்பள்ளியில் ஆசிரியராக இருந்தபோது வரைந்த 'கம்போசிஷன் 8' இப்போது நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இடது மேல் மூலையில் பெரிய கறுப்பு வட்டம், அதற்குள் ஊதா வட்டம். படம் முழுக்க முக்கோணங்கள், அரைவட்டங்கள், கட்டங்கள், வெட்டிக்கொள்ளும் கோடுகள். அசல் ஏறக்குறைய 140 செ.மீ. உயரம், 201 செ.மீ. அகலம். ஏ3 தாளின் விகிதமும் கிட்டத்தட்ட இதுவே என்பதால், தாளின் முழு அகலத்துக்கு அச்சிட்டால் இழுபடாமல் உட்காரும். அச்சில் 1 செ.மீ. என்பது அசலில் சுமார் 4.8 செ.மீ. அந்தக் கறுப்பு வட்டத்தின் விட்டத்தை அச்சில் அளந்து, அசலில் அது எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று கணக்கிட்டு, சாக்பீஸால் தரையில் வரையச் சொல்லுங்கள். விகிதம் பாடம் அங்கேயே நடந்துவிடும்.

ஆனால் காண்டின்ஸ்கியை நான் பரிந்துரைப்பது வேறொரு பயிற்சிக்காக. உங்கள் கேள்விக்கு ஒரே ஒரு யோசனைதான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன். இரண்டு பிள்ளைகளை முதுகோடு முதுகாக உட்கார வைக்கவும். ஒருவர் கையில் ஓவியத்தின் ஒரு பகுதி, உள்ளங்கை அளவுக்கு வெட்டியது. மற்றவர் கையில் வெள்ளைத்தாள், கவராயம், அளவுகோல். படம் வைத்திருப்பவர் வாயால் சொல்ல வேண்டும். கேட்பவர் வரைய வேண்டும். திரும்பிப் பார்க்கக்கூடாது, சைகை கூடாது.

முதல் தடவை சிரிப்பும் கூச்சலுமாகத்தான் இருக்கும். "ஒரு வட்டம் போடு." "எவ்ளோ பெருசு?" "கொஞ்சம் பெருசு." "எங்க போடறது?" "மேல." வரைந்து முடித்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சம்பந்தமே இருக்காது. இரண்டாவது தடவை பாருங்கள். "தாளோட இடது ஓரத்துலேர்ந்து 4 சென்டிமீட்டர், மேல் ஓரத்துலேர்ந்து 3 சென்டிமீட்டர், அங்க ஒரு புள்ளி வை. அதான் மையம். ஆரம் 2 சென்டிமீட்டர்." யாரும் சொல்லித்தராமலே மையமும் ஆரமும் அந்தப் பிள்ளையின் வாயில் வந்துவிட்டன, ஏனென்றால் இப்போது அவை தேவைப்படுகின்றன. இரண்டு ஓரங்களிலிருந்து தூரம் சொன்னதில் ஆயத்தொலைகளும் வந்துவிட்டன. "அந்தக் கோடு வட்டத்தை உரசிக்கிட்டுப் போகுது" என்று ஒரு பிள்ளை சொன்னால், தொடுகோடு என்ற சொல்லை எடுத்துக்கொடுக்க அதைவிட நல்ல நேரம் வராது. முக்கோணத்தைச் சொல்லும்போது மூன்று பக்கம் சொன்னால் போதும், கோணம் சொல்லத் தேவையில்லை என்று ஏதாவது ஒரு ஜோடி கண்டுபிடிக்கும். அதுதான் ப-ப-ப சர்வசமக் கொள்கை. பெயரைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

இதற்கு ப்ரொஜெக்டர் வேண்டாம். ஒரு ஏ3 கலர் அச்சு எடுத்து, கத்தரித்துப் பங்கிட்டால் வகுப்பு முழுவதற்கும் போதும். மேலே வைத்து அளக்கவும் வரையவும் ஓ.எச்.பி. ஷீட் என்று ஸ்டேஷனரி கடைகளில் கேட்டால் கிடைக்கும் ஒளிபுகும் தாள் நல்லது. மார்க்கரால் கோடு போட்டுவிட்டு அழித்துக்கொள்ளலாம், படம் கெடாது.

டச்சு ஓவியர் மோன்ட்ரியானை எல்லோரும் சொல்வார்கள். சிவப்பு, நீலம், மஞ்சள் செவ்வகங்கள். அவற்றை வடிவம் கற்பிக்க எடுக்க வேண்டாம், இருப்பது செவ்வகம் மட்டும்தான். பரப்பளவுக்கும் பின்னத்துக்கும் எடுக்கலாம். ஆனால் அவர் சதுரத் துணியை 45 பாகை திருப்பி, முனையில் நிறுத்தி வரைந்த ஓவியங்கள் சில உண்டு. அவற்றில் ஒன்றைத் தேடி எடுங்கள். துணி சாய்ந்து நிற்கிறது. உள்ளே இருக்கும் கோடுகள் படுக்கையாகவும் நிமிர்ந்தும் போகின்றன. ஒரு கோடு முனைப்பக்கம் வெட்டும் இடத்தில் உண்டாகும் முக்கோணம் எந்த வகை? இருசமபக்கச் செங்கோண முக்கோணமாகத்தான் வரும், ஏன் என்று ஏழாம் வகுப்பே காரணம் சொல்லிவிடும். 'டைமண்ட்' என்று கத்திய வகுப்புக்கு, அது திருப்பிய சதுரம் என்று காட்டவும் இது உதவும்.

இனி நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். தஞ்சாவூர் ஓவியம், பழைய பெயரில் பலகைப் படம். பலா மரப் பலகையில் துணி ஒட்டி, சுண்ணத்தூளும் பசையும் பூசி வழவழப்பாக்கி, அதன்மேல் மக்கு எனப்படும் குழைவை வைத்துப் புடைப்பு எடுத்து, கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டி, கடைசியில் வர்ணம் தீட்டுவார்கள். இன்று பலாப் பலகை அருகிப் பிளைவுட் வந்துவிட்டது. மராட்டியர் ஆட்சியில், குறிப்பாக இரண்டாம் சரபோஜி காலத்தில் செழித்த கலை. புவிசார் குறியீடும் பெற்றது. தஞ்சாவூர், கும்பகோணம் பகுதிகளில் இந்த வேலை செய்யும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. உங்கள் வகுப்பிலேயே அப்படி ஒரு வீட்டுப் பிள்ளை இருந்தாலும் ஆச்சரியமில்லை.

இந்தப் படங்களில் தூண்கள் இருபுறமும், மேலே வளைவு, திரைச்சீலை இரண்டு பக்கமும் ஒதுக்கிக் கட்டியது, நடுவில் தெய்வம். பார்த்ததும் எல்லோரும் 'சமச்சீர்' என்பார்கள். வெண்ணெய்க் கிருஷ்ணன் படம் ஒன்றை எடுத்து, ஓ.எச்.பி. ஷீட்டில் நடுக்கோடு போட்டு, "இந்தப் படத்துக்குச் சமச்சீர் கோடு உண்டா?" என்று கேளுங்கள். உண்டு என்று ஒரு பாதி, இல்லை என்று ஒரு பாதி. தூணுக்கு உண்டு, வளைவுக்கு உண்டு. வெண்ணெய் வைத்திருக்கும் கைக்கு? திரும்பியிருக்கும் முகத்துக்கு? அப்போதுதான் சமச்சீர் என்பது ஒவ்வொரு புள்ளிக்கும் பொருந்த வேண்டிய விதி என்று புரியும்: கோட்டுக்கு இடப்புறம் 5 செ.மீ.யில் ஒரு புள்ளி இருந்தால் வலப்புறம் 5 செ.மீ.யில் அதன் ஜோடி இருக்க வேண்டும், இரண்டையும் சேர்க்கும் கோடு நடுக்கோட்டுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். இடது தூணின் மேல்முனையையும் வலது தூணின் மேல்முனையையும் அளந்து பார்க்கட்டும். கையால் செய்த வேலை, அச்சுப்போல் இருக்காது. எத்தனை மில்லிமீட்டர் விலகலைப் பொறுத்துக்கொள்வது என்று வகுப்பே முடிவு செய்யட்டும்.

அந்த வளைவை வைத்து இன்னொரு வேலையும் உண்டு. எட்டு, ஒன்பதாம் வகுப்புக்கு ஏற்றது. வளைவு, வட்டத்தின் ஒரு வில்லா? வெறும் கண்ணால் சொல்ல முடியாது. வளைவின்மேல் இரண்டு புள்ளிகளைச் சேர்த்து நாண் ஒன்று வரைந்து, அதன் நடுப்புள்ளியில் செங்குத்தாக மையக்குத்துக்கோடு போடுங்கள். இன்னொரு நாணுக்கும் போடுங்கள். இரண்டும் சந்திக்கும் இடத்தைக் குறியுங்கள். மூன்றாவது நாண் ஒன்று எடுத்து அதன் மையக்குத்துக்கோடும் அதே புள்ளி வழியாகப் போய், அங்கே கவராய முனையை வைத்துச் சுற்றினால் வளைவோடு பொருந்தினால் அது வட்ட வில். இல்லை என்றால் வேறு வளைவு, அல்லது இரண்டு வில்களை ஒட்டியது. சில வளைவுகள் உச்சியில் கூராக முடியும். அங்கே இரண்டு மையங்கள் கிடைக்கும். இரண்டு மையமும் நடுக்கோட்டிலிருந்து சம தூரத்தில் இருப்பதைப் பிள்ளைகள் கண்டுபிடிக்கும்போது அந்த முகங்களைப் பார்க்க வேண்டும். நாணின் மையக்குத்துக்கோடு மையம் வழியாகச் செல்லும் என்ற தேற்றத்தை நம் பிள்ளைகள் காலங்காலமாக எழுதி மதிப்பெண் வாங்குகிறார்கள். அது எதற்குப் பயன்படுகிறது என்று அவர்கள் கேட்டால் சொல்வதற்கு இப்போது நம்மிடம் ஒன்று இருக்கிறது.

தெய்வப் படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. நாகூர், கூத்தாநல்லூர், வேளாங்கண்ணி எல்லாம் அடங்கிய டெல்டா இது. ஒரே வகுப்பில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் உட்கார்ந்திருப்பார்கள். கிருஷ்ணன் படத்தை மட்டும் கொண்டுவந்தால் சில பிள்ளைகளுக்கு அது தங்கள் பாடமில்லை என்று தோன்றலாம். பள்ளிவாசல் அலங்காரங்களில் வரும் நட்சத்திர வடிவங்களையும் எடுங்கள். கவராயமும் அளவுகோலும் மட்டும் வைத்து வட்டத்தை ஆறாக, எட்டாகப் பிரித்து வரையப்பட்ட மரபு அது. ஆரத்தையே கவராயத்தில் வைத்துக்கொண்டு வட்டத்தைச் சுற்றி வெட்டினால் சரியாக ஆறு வெட்டுகள் விழும். அந்த ஆறு புள்ளிகளிலிருந்து அறுங்கோணமும், ஆறு முனை நட்சத்திரமும், சமபக்க முக்கோணமும் வரும்.

டெல்டாவில் அதிகம் பேசப்படாத செல்வம் ஒன்று இருக்கிறது: கலம்காரி. கருப்பூர்க் கலம்காரிக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. திருப்பனந்தாளை ஒட்டிய சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் இந்தக் கைவேலை உண்டு. துணியில் எழுதுகோலால் வரைந்து சாயம் ஏற்றுவது. கோயிலுக்கும் தேருக்கும் வேண்டிய விதானம், தோரணம், தொம்பை எல்லாம் இப்படிச் செய்வார்கள். தேரில் தொங்குமே, நீள உருளையாக, அதுதான் தொம்பை. உங்கள் பிள்ளைகள் திருவாரூர் ஆழித்தேர் பார்த்திருப்பார்கள். உருளையின் வளைபரப்பைக் கற்பிக்க இதைவிடப் பொருத்தமான பொருள் எனக்குத் தெரியவில்லை.

துணி தட்டையாக இருக்கும்போது செவ்வகம். அதில் ஓவியம் எழுதி, ஓரத்தோடு ஓரம் தைத்தால் உருளை. செவ்வகத்தின் ஒரு பக்கம் உருளையின் சுற்றளவாகிறது, மறுபக்கம் உயரமாகிறது. 2πrh என்ற சூத்திரம் அங்கேயே கண்ணுக்குத் தெரிகிறது. காகிதத்தில் செய்ய வையுங்கள். விட்டம் 14 செ.மீ. என்றால் சுற்றளவு, 22/7 என்று எடுத்துக்கொண்டால், 44 செ.மீ. இப்போது கேள்வி: சுற்றிலும் ஒரே பூ திரும்பத் திரும்ப வர வேண்டும், தையல் இடத்தில் பூ பாதியில் வெட்டுப்படக்கூடாது. ஒரு பூவுக்கு எவ்வளவு அகலம் வைக்கலாம்? 4 செ.மீ. வைத்தால் 11 பூ. 5.5 செ.மீ. வைத்தால் 8 பூ. 6 செ.மீ. வைத்தால்? 7 பூவுக்கு 42 போய், 2 செ.மீ. மிஞ்சுகிறது, ஒட்டும் இடத்தில் பல்லிளிக்கும். சாய்வாகக் கோடு போட்ட வடிவம் என்றால் இன்னும் நுட்பம்: இடது ஓரத்தில் கோடு எந்த உயரத்தில் முடிகிறதோ அதே உயரத்தில் வலது ஓரத்தில் தொடங்க வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சார்ட் பேப்பரை வைத்துக்கொண்டு இரண்டு பீரியட் இதில் மூழ்கிக் கிடப்பார்கள். வர்ணம் அடிப்பதில் மட்டும் நேரம் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் பென்சில், கணக்கு சரியாக வந்த குழுவுக்குத்தான் க்ரேயான்.

கோலத்தைச் சொல்லாமல் விட முடியாது, ஆனால் எல்லோரும் சொல்வதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1, 3, 5, 7, 5, 3, 1 என்று நேர்ப்புள்ளி வைத்தால் மொத்தம் 25. தலையைச் சாய்த்து மூலைவாக்கில் பார்க்கச் சொல்லுங்கள். நாலுக்கு நாலாக 16 புள்ளி ஒரு சதுரம், அதன் இடைவெளிகளில் மூணுக்கு மூணாக 9 புள்ளி இன்னொரு சதுரம். இரண்டும் முனையில் நிற்கும் சதுரங்கள். 16ம் 9ம் 25. நடு வரிசையை 9 ஆக்கினால் 25ம் 16ம் 41. எண்ணாமலே சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். சிக்குக் கோலங்களில் கண்ணாடிச் சமச்சீர் இல்லாமல் சுழற்சிச் சமச்சீர் மட்டும் இருப்பவற்றைத் தேடிக் கொண்டுவரச் சொல்லலாம். பாடத்தில் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளாத பிள்ளை அரிது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் உடன் பணியாற்றியவர்களும் 1970களில் கோலங்களை வைத்துக் கணினி அறிவியல் ஆய்வே நடத்தினார்கள். பையன்கள் "அது பொம்பளப் புள்ளைங்க வேலை" என்று ஒதுங்கினால் ஒதுங்க விடாதீர்கள். கட்டம்போட்ட நோட்டில் எல்லோரும் வரையட்டும்.

கடைசியாக ஒன்று, அதிகம் யாரும் தொடாதது. இணைகோடுகள் சந்திக்காது என்று நாம் சொல்லித்தருகிறோம். கல்லணைக் கால்வாயின் நேரான நீட்டத்தில் பாலத்தின்மேல் நின்று பார்க்கும் பிள்ளைக்கு இரண்டு கரையும் தூரத்தில் ஒன்றாகப் போய்ச் சேர்வதுபோல்தான் தெரிகிறது. யார் சொல்வது சரி? இதை வகுப்பில் எடுக்க இரண்டு ஓவியங்களைப் பக்கத்தில் வைக்கலாம். ஒன்று, ரஃபேல் 1509 முதல் 1511க்குள் வாத்திகனில் வரைந்த 'ஏதென்ஸின் பள்ளி'. கட்டடத்தின் படுக்கைக் கோடுகளில் உள்நோக்கிப் போகிறவற்றை எல்லாம் அளவுகோல் வைத்து நீட்டினால், நடுவில் நிற்கும் பிளேட்டோவுக்கும் அரிஸ்டாட்டிலுக்கும் இடையே ஒரே இடத்தில் குவியும். தரையில் பதித்த சதுரக் கற்கள் படத்தில் சதுரமாக இல்லை. அந்தப் படத்தின் வலது கீழ் மூலையில் குனிந்து கவராயத்தால் வரைந்துகொண்டிருப்பவர் பழங்கால கிரேக்க வடிவியல் அறிஞர் யூக்ளிட் என்று கொள்வது வழக்கம். பிள்ளைகளுக்கு அவரைக் காட்டுங்கள்.

மற்றொன்று நம்முடையது. தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றிய உள்சுற்றில் சோழர் கால ஓவியங்கள் இருக்கின்றன. அவற்றின்மேல் நாயக்கர் காலத்தில் வேறு ஓவியம் தீட்டப்பட்டிருந்தது. அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்து உலகுக்குச் சொன்னார். உள்சுற்றுக்குள் பொதுவாக யாரையும் விடுவதில்லை என்பதால் புத்தகத்தில் வரும் நல்ல புகைப்படம்தான் வழி. சுந்தரர் கதை சொல்லும் பகுதியில் கோடுகளை நீட்டிப் பாருங்கள்; ரஃபேலில் வந்ததுபோல் ஒரு குவிபுள்ளி வராது. அந்த ஓவியர்களுக்கு ஒரே இடத்தில் நின்று பார்க்கும் கண் தேவைப்படவில்லை. கதையின் பல நேரங்களை ஒரே சுவரில் அடுக்கினார்கள். திருவாரூர்க் கோயிலின் தேவாசிரிய மண்டப விதானத்தில் முசுகுந்தன் கதை இன்னும் தெளிவான பட்டைகளாக, கீழே தமிழ் விளக்கத்தோடு ஓடுகிறது. உங்கள் ஊரிலிருந்து பக்கம்தான். அனுமதி கேட்டு ஒருமுறை அழைத்துப் போகலாம்.

இந்த ஒப்பீட்டில் எது உயர்ந்தது என்ற பேச்சு வந்தால் அனுமதிக்காதீர்கள். இரண்டும் வெவ்வேறு விதிகளுக்குக் கட்டுப்பட்டவை. பிறகு வகுப்புக் கரும்பலகையைப் பக்கவாட்டில் நின்று செல்போனில் ஒரு படம் எடுத்துக் காட்டி, அந்தச் செவ்வகம் படத்தில் என்னவாகிவிட்டது என்று கேளுங்கள். சரிவகம் என்பார்கள் பலர். அளந்து பார்த்துச் சொல்லட்டும். குடத்தின் வாயை மேலேயிருந்து பார்த்தால் வட்டம், சாய்வாகப் பார்த்தால் நீள்வட்டம். வடிவம் என்பது பொருளில் இருக்கிறதா, பார்க்கும் இடத்தில் இருக்கிறதா என்று ஏழாம் வகுப்புப் பிள்ளை கேட்டால், அந்தப் பிள்ளைக்குக் கணக்கு பிடித்துப்போய்விட்டது என்று நான் நம்பத் தொடங்குவேன்.

சென்னை ஓவிய இயக்கத்தின் கே.சி.எஸ். பணிக்கர் 1963இல் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையையும் ஒருமுறை காட்டுங்கள். எழுத்தும் எண்ணும் வடிவியல் கோடும் நிரம்பிய அந்த ஓவியங்களைப் பார்த்தால் பள்ளிக்கூடக் கணக்கு நோட்டின் பக்கம்தான் நினைவுக்கு வரும். இதில் அளப்பதற்கு ஒன்றும் இல்லை. கணக்கு நோட்டு இப்படியும் அழகாக ஒரு கலைஞர் கண்ணில் படலாம் என்று பிள்ளைகள் தெரிந்துகொண்டால் போதும்.

மதிப்பெண் பற்றிக் கட்டாயம் கவலை வரும். அழகாக வரைந்ததற்கு மதிப்பெண் போடாதீர்கள். கோணல்மாணலாக வரைந்தாலும் "மூலைவிட்டம் சமமாக வரல, அதனால சதுரம் இல்ல" என்று எழுதிய பிள்ளைக்குத்தான் மதிப்பெண். பகுதிநேர ஓவிய ஆசிரியர் உங்கள் பள்ளிக்கு வருகிறார் என்றால் அவரை முதலிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். பென்சில் பிடிப்பதும் அச்சு எடுப்பதும் அவருக்குக் கைவந்த வேலை. கேள்வி கேட்பது உங்கள் வேலை.

ஏழாம் வகுப்பில் தொடங்குங்கள். கறுப்புச் சதுரத்துக்கு இரண்டு பீரியட், அடுத்த வாரம் முதுகோடு முதுகான பயிற்சி. எட்டாம் வகுப்புக்கு அளவியல் பாடம் வரும்போது தொம்பை. ஆறாம் வகுப்புக்கு இப்போதைக்குக் கோலப்புள்ளியும் ஆறு முனை நட்சத்திரமும் போதும். பலகைப் படத்தை எடுப்பதற்கு முன் தலைமையாசிரியரிடம் எதற்காக என்று சொல்லிவிடுங்கள். வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லாதீர்கள், கண்ணாடி போட்ட படம், வழியில் உடையும். நல்ல அச்சு ஒன்று எடுத்துக்கொள்வதே மேல்.